வெளிநாட்டுக்கு நர்ஸாகவே போக வேண்டும் என்றால்

சிஸ்டர், வெள்ளிக்கிழமை அந்த இரண்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மீதியை நிதானமாகப் பேசலாம்.

இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பிஎஸ்சி நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் மூன்றரை வருடம் வேலை. கையில் வருவது 18,000. வெளிநாடு போக வேண்டும், ஆனால் படித்த நர்சிங்கிலேயே போக வேண்டும். ஒரு ஏஜென்ட், "லண்டனில் கேர் வேலை, மொத்தம் 9 லட்சம், போன பிறகு நர்ஸாக மாறிக்கொள்ளலாம், வெள்ளிக்குள் 2 லட்சம் முன்பணம்" என்கிறார். உடன் படித்த தோழி துபாய்க்கு விசிட் விசாவில் போய்த் தேடச் சொல்கிறார். அண்ணன் ஜெர்மனி என்கிறார். எங்கிருந்து தொடங்குவது?

நான் திருநெல்வேலிப் பக்கம் படித்து, 2016இல் சவுதி போய், 2021 கடைசியில் இங்கிலாந்து வந்தவள். இப்போது எங்கள் வார்டுக்கு ஆள் எடுக்கும்போது நேர்காணல் குழுவிலும் உட்கார்கிறேன். நான் சொல்லப்போவதில் பாதி, நானே தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

அந்த லண்டன் விஷயத்தை முடித்துவிடுவோம். கேர் ஒர்க்கர், அதாவது முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் உதவியாளர் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை இங்கிலாந்து 2025 ஜூலை 22ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் சில நிபந்தனைகளோடு மாறலாம். மதுரையில் இருக்கும் உங்களுக்கு அந்த விசாவே கிடையாது. இது ஏஜென்டுக்குத் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. எப்படி இருந்தாலும் உங்கள் பணம் திரும்பி வராது.

"போன பிறகு நர்ஸாக மாறலாம்" என்பது முழுப்பொய் இல்லை, அதனால்தான் அது இத்தனை பேரிடம் விலைபோனது. நர்ஸாகப் பதிவு செய்யத் தேவையான ஆங்கிலத் தேர்வில் கொஞ்சத்தில் தவறியவர்கள், இங்கே குறைந்தது ஒரு வருடம் மருத்துவ அல்லது பராமரிப்புத் துறையில் வேலை பார்த்திருந்தால், மேலதிகாரியின் கடிதத்தை வைத்து மொழித்தகுதியை நிரூபிக்க ஒரு வழி உண்டு. அப்படி மாறிய இரண்டு பேர் எங்கள் மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். மாறாமல் நின்றுபோனவர்கள் அதைவிட அதிகம். 15 லட்சம் கொடுத்து வந்து, சொன்ன நிறுவனத்தில் வேலையே இல்லாமல், வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஷிஃப்ட் கிடைத்தாலே போதும் என்று அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை மட்டும் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் உரிமத்தை, இங்கிலாந்து அரசு ரத்து செய்தது. உரிமம் போனால் அங்கே வேலை பார்ப்பவருக்குப் பொதுவாக 60 நாள் கெடு. அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்கவில்லை என்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இன்னொரு சங்கடமும் உண்டு. கேர் வேலையில் போகும் இரண்டு மூன்று வருடம் உங்கள் நர்சிங் அனுபவக் கணக்கில் சேராது. வளைகுடா நாடுகளில் அதை இடைவெளி என்றே எழுதுவார்கள்.

சரி, படித்த வேலையிலேயே போவது எப்படி?

நம் தொழிலில், வெளிநாட்டில் நீங்கள் நர்ஸா இல்லையா என்பதை முடிவு செய்வது மருத்துவமனை கிடையாது, அந்த நாட்டுக் கவுன்சில். இங்கிலாந்தில் என்எம்சி, சவுதியில் எஸ்சிஎஃப்எச்எஸ், துபாயில் டிஎச்ஏ, அபுதாபியில் டிஓஎச். ஜெர்மனியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அலுவலகம். அவர்கள் கொடுக்கும் பதிவோ தகுதிக் கடிதமோ கையில் இருந்தால் ஆள் தேடுபவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். அது இல்லாமல் நூறு இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினாலும் பதில் வராது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஏஜென்டைப் பிடித்து, பணம் கட்டி, அப்புறம் "என்ன பரீட்சை எழுதணும்?" என்று கேட்கிறார்கள். அந்தப் பரீட்சைக்கு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே பதிவு செய்யலாம். எந்த ஏஜென்டும் தேவையில்லை.

பரீட்சைக்கும் முன்னால் காகிதம் இருக்கிறது. இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் எனக்கு நான்கு மாதம் வீணானது இதில்தான்.

சவுதிக்கு விண்ணப்பித்தபோது டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் என் சான்றிதழ்களைச் சரிபார்த்தது. வளைகுடா முழுக்க இதுதான் நடைமுறை. நீங்கள் கொடுக்கும் நகலை அவர்கள் நம்பமாட்டார்கள். பல்கலைக்கழகம், கவுன்சில், வேலை பார்த்த மருத்துவமனை என்று ஒவ்வொன்றுக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். நான் வேலை பார்த்த மருத்துவமனை (பெயர் வேண்டாம்) கொடுத்த அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி ஜூன் 1. டேட்டாஃப்ளோவுக்கு அதே மருத்துவமனையின் எச்ஆர் அனுப்பிய பதிலில் ஜூலை 1. முதல் மாதம் பயிற்சிக் காலமாம், சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லையாம். அவ்வளவுதான், அறிக்கையில் "முரண்பாடு" என்று விழுந்தது. அதைச் சரிசெய்ய நான் ஏழு முறை பஸ் ஏறினேன். கையெழுத்துப் போட்ட மேட்ரன் ஓய்வுபெற்றுவிட்டார், எச்ஆர் மாறிவிட்டார், புதியவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை.

அதனால் நீங்கள் வேலையில் இருக்கும்போதே, யாரோடும் மனஸ்தாபம் வருவதற்கு முன்பே, இதைச் செய்யுங்கள். எச்ஆரிடம் போய் உங்கள் பெயர் பதிவேட்டில் எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்று கேட்டு, அதே தேதியை அனுபவச் சான்றிதழில் வாங்குங்கள். பதவி "ஸ்டாஃப் நர்ஸ்" என்று இருக்க வேண்டும். "நர்சிங் டிரெய்னி", "நர்சிங் ஸ்டாஃப்" என்று மழுப்பலாக இருக்கக்கூடாது. ஐசியு என்று வார்டின் பெயர், படுக்கைகளின் எண்ணிக்கை, முழுநேரம் என்ற சொல், மருத்துவமனையின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரி எல்லாம் அதில் இருக்கட்டும். ஜிமெயில் முகவரியைச் சரிபார்ப்பவர்கள் ஏற்பது கடினம். மாதாமாதம் சம்பளம் வங்கியில் ஏறிய கணக்கு அறிக்கையையும் எடுத்து வையுங்கள். ஒருவேளை மருத்துவமனை இழுத்து மூடப்பட்டாலும் அது உதவும்.

அடுத்தது பெயர். இது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. பட்டத்தில் "மீனா க" என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும். கவுன்சில் பதிவில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் இன்னொரு எழுத்துக்கூட்டல். பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இவர்கள் நான்கு பேர். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று எமிரேட்ஸ் (துபாய், அபுதாபி எல்லாம் அடங்கிய நாடு) 2022 நவம்பரில் விதியே கொண்டுவந்தது. விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்து, குடும்பப்பெயர் கட்டத்தை நிரப்பிவிடுங்கள். பிறகு எல்லாத் தேர்வுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள். பழைய சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நடந்தாலும் பெயரை மாற்றாதீர்கள் என்பது அக்காவாகச் சொல்வது.

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் உங்கள் ஆர்என்ஆர்எம் (செவிலியர், தாதியர்) பதிவு இருக்கும். அது புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். எந்த நாடானாலும், உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்ற குட் ஸ்டாண்டிங் சர்டிபிகேட்டைக் கவுன்சிலிடமிருந்து கேட்பார்கள். அதற்கு ஆயுள் சில மாதம்தான், ஆகவே சீக்கிரம் வாங்கி வைத்துக்கொண்டு பெருமைப்பட வேண்டாம். விண்ணப்பிக்கும் நேரத்தில் வாங்கினால் போதும். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்ட் வேறு கதை. எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று பாடவாரியாக இருக்கும் அந்தத் தாளை ஜெர்மனியும் அமெரிக்காவும் கேட்கும். கல்லூரி, பல்கலைக்கழகம் என்று இரண்டு கை மாறி வர வேண்டியது என்பதால் அதற்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியோ மருத்துவமனையோ பிடித்து வைத்திருக்கிறதா? உங்கள் கேள்வியில் அது இல்லை. இருந்தால் முதல் வேலை அதை மீட்பதுதான். எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபாலில் கேளுங்கள். அசல் கையில் இல்லாமல் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மை என்று அரசு முத்திரை வாங்கும் வேலை ஒன்றும் நகராது. சவுதி, ஓமன், பஹ்ரைன் எல்லாம் ஒரு நாட்டின் முத்திரையை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையோடு முடிந்துவிடும். எமிரேட்ஸ் அதில் இல்லை. அங்கே போக அவர்கள் தூதரகத்தின் சான்றும் வேண்டும்.

இப்போது நாடுகள். ஒவ்வொன்றையும் சரிசமமாக எழுதப்போவதில்லை, உங்கள் நிலைக்கு எது பொருந்துமோ அதைப் பற்றிப் பேசுகிறேன்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு முதல் கதவு வளைகுடா. மூன்றரை வருட ஐசியு அனுபவத்துக்கு அங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது. ஐஈஎல்டிஎஸ், ஓஈடி போன்ற ஆங்கிலத் தேர்வுகள் இல்லாமலே லைசென்ஸ் தேர்வு எழுதலாம். ஆங்கிலத்தில் கொள்குறி வினாக்கள், சென்னையிலேயே மையம். வருமான வரி இல்லை. தங்குமிடமும் டிக்கெட்டும் பெரும்பாலும் மருத்துவமனை தரும். ஊரில் கடன் இருந்தால் மூன்று வருடத்தில் அடைத்துவிடலாம். ஆனால் அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும் அந்த நாட்டுக் குடிமகள் ஆக முடியாது என்பதை முதல் நாளே மனசில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குச் சவுதி ஒரு படிக்கட்டு. அங்கே 40 படுக்கை ஐசியுவில் பழகிய வென்டிலேட்டர்தான் இங்கிலாந்து நேர்காணலில் எனக்குச் சோறு போட்டது.

வளைகுடாவுக்கு நர்ஸ் வேலையில் போவதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. உங்கள் பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர் (பொதுவாகக் குடியகல்வு அனுமதி தேவையில்லாத) வகையாக இருந்தாலும், குடியகல்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸாகப் போக இ-மைக்ரேட் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். ஆள் எடுப்பதும் அரசு நிறுவனங்கள் வழியாகவே நடக்க வேண்டும் என்று 2015இல் மத்திய அரசு விதித்தது. சவுதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், எமிரேட்ஸ் எல்லாம் அந்தப் பதினெட்டில் வருகின்றன. எதற்காக வந்தது இந்த விதி? குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் நர்ஸ் ஒருவரிடம் 19.5 லட்சம் வரை வாங்கியதாகக் கேரளத்தில் ஒரு ஏஜென்சி மீது அந்த ஆண்டு சிபிஐ வழக்குப் போட்டது. ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் வீடு அடமானத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 2014 ஜூலையில், ஈராக்கில் திக்ரித் நகரில் சிக்கிய 46 இந்திய நர்ஸ்கள் மீட்கப்பட்டு கொச்சி வந்து இறங்கினார்கள். குண்டு விழும் ஊரிலிருந்து திரும்பி வரவே அவர்களில் பலர் தயங்கினார்கள், ஊரில் கட்ட வேண்டிய கடன் இருந்ததால். அவசரத்தில் கடன் வாங்கிப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் அந்த அரசு நிறுவனம் எது என்றால், கிண்டியில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஓஎம்சிஎல். 1978இலிருந்து இருக்கிறது. அவர்கள் இணையதளத்தில் வரும் அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள். கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், ஓடெபெக் அறிவிப்புகளையும் பார்த்து, மற்ற மாநிலத்தவர் விண்ணப்பிக்கலாமா என்று எழுதிக் கேளுங்கள். வேகம் குறைவுதான். நான் விண்ணப்பித்து, நேர்காணல் முடிந்து, விமானம் ஏற எட்டு மாதம் ஆனது. ஆனால் நான் கட்டிய பணத்துக்கு ரசீது இருந்தது.

துபாய் விசிட் விசாவில் போய்த் தேடுவது பற்றி. போய்ச் சேர்ந்து வேலை கிடைத்தவர்கள் இருக்கிறார்கள், பொய் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தைச் செய்திருந்தார்கள்: டேட்டாஃப்ளோ முடித்து, டிஎச்ஏ தேர்வில் தேறி, தகுதிக் கடிதத்தோடு போனார்கள். வெறும் பட்டத்தோடு போனவர்கள் படுக்கை இட வாடகை கட்டிக் கட்டிப் பணம் தீர்ந்து, கடைசியில் ஏதோ ஒரு வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்தே எல்லாவற்றையும் முடிக்க முடியும் என்றிருக்கும்போது அங்கே போய் ஏன் நாள் எண்ண வேண்டும்? விசிட்டில் போனால் மேலே சொன்ன பாதுகாப்பும் கிடையாது.

இரண்டாவது கதவு ஜெர்மனி. அண்ணன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அங்கே நர்ஸ் பற்றாக்குறை உண்மையானது, நிரந்தரமாகத் தங்கவும் வழி உண்டு. ஆனால் விலை பணத்தில் இல்லை, மொழியில். முழுத் தகுதிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் பி2 நிலை (ஏ1, ஏ2, பி1 தாண்டி நான்காவது படி) ஜெர்மன் வேண்டும். பலர் பி1 முடித்ததும் போய், மீதியை அங்கே முடிக்கிறார்கள். ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பி2 வரைக்கும் முழுமூச்சாகப் படித்தால் ஒரு வருடம் பிடிக்கும். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே என்றால் ஒன்றரைக்கு மேல். சென்னையில் கோதே இன்ஸ்டிட்யூட், அதாவது மாக்ஸ்முல்லர் பவன், நடத்தும் தேர்வுச் சான்றிதழுக்கு எங்கும் கேள்வி கிடையாது. தெருமுனை மையங்கள் கொடுக்கும் "பி2 சான்றிதழை" யாரும் ஏற்கமாட்டார்கள். அங்கே பாடம் படிக்கலாம், பரீட்சை வேறு இடத்தில் எழுத வேண்டும்.

உங்கள் பட்டத்தை அவர்கள் தங்கள் படிப்போடு ஒப்பிட்டு, என்ன குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அதை ஈடுகட்ட அங்கே மருத்துவமனையில் சில மாதப் பயிற்சி அல்லது ஒரு தேர்வு. அது முடியும்வரை உதவியாளர் சம்பளம், முடிந்ததும் முழு நர்ஸ் சம்பளம். இதற்கும் முதலில் சொன்ன கேர் விசாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் நர்ஸாக ஆவதற்கான வழி ஒப்பந்தத்திலும் விசாவிலுமே எழுதியிருக்கிறது. அப்படி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் நம் பெண்கள் மனம் உடைவது எங்கே தெரியுமா? குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அங்கே நர்ஸின் வேலை. நம் ஊரில் அதை அட்டெண்டரும் கூட இருக்கும் உறவினரும் செய்வார்கள். நாம் ஊசி, மருந்து, மானிட்டர் என்று இருப்போம். அங்கே கேனுலா போடுவதைப் பல இடங்களில் டாக்டரே செய்கிறார். "ஐசியு நர்ஸைக் கூப்பிட்டு ஆயா வேலை வாங்குகிறார்கள்" என்று அழுதுகொண்டே போன் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்திலும் இதே கதைதான், எனக்கும் முதல் மாதம் கசந்தது. பிறகு புரிந்தது, ஒருவரைக் குளிப்பாட்டும்போதுதான் முதுகில் புண் வரத் தொடங்கியிருப்பது கண்ணில் படுகிறது.

ஜெர்மனிக்கு அனுப்ப ஐந்து லட்சம் கேட்டால் நடையைக் கட்டுங்கள். அங்கே "ஃபேர் ரெக்ரூட்மென்ட் ஹெல்த்கேர் ஜெர்மனி" என்று அரசு சார்ந்த தரமுத்திரையே இருக்கிறது. அதை வாங்கிய நிறுவனங்கள் நர்ஸிடம் ஆள்சேர்ப்புச் செலவு வாங்கக்கூடாது, வேலை கொடுப்பவர்தான் கட்ட வேண்டும். அரசுகளுக்கு இடையிலான டிரிபிள் வின் திட்டமும் அப்படித்தான். அதற்கு நோர்கா 2021 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது.

இங்கிலாந்து பற்றி நான் உற்சாகமாக எழுத வேண்டும், இங்கே இருப்பவள் ஆயிற்றே. ஆனால் நேரம் சரியில்லை. நான் வந்த சமயத்திலும் அடுத்த இரண்டு வருடமும் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையின் மருத்துவமனைகள் இந்தியாவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தன. இப்போது இங்கேயே படித்து வெளிவரும் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. கதவு மூடவில்லை, ஐசியு, ஆபரேஷன் தியேட்டர் போன்ற பிரிவுகளில் அவ்வப்போது வருகிறது. அதற்குத் தயாராக இருக்க விரும்பினால் வழி இது: ஓஈடி அல்லது ஐஈஎல்டிஎஸ், சிபிடி என்ற கணினித் தேர்வு, அதை இந்தியாவிலேயே எழுதலாம், வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு ஓஎஸ்சிஇ, பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வு. ஐஈஎல்டிஎஸ்ஸில் எழுத்துக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7. ஓஈடியில் எழுத்துக்கு சி பிளஸ், மற்றவற்றுக்கு பி. ஒரே தடவையில் வராவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு முயற்சிகளைச் சேர்த்துக்கொள்ளவும் விடுகிறார்கள், அதற்கும் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. நமக்கு ஓஈடி சுலபம் என்பது என் கட்சி. அதில் எழுதச் சொல்வது நோயாளியைப் பற்றிய ஒரு கடிதம்; தினமும் டிஸ்சார்ஜ் சம்மரி பார்க்கும் நமக்கு அது அந்நியமில்லை. கொடுத்த குறிப்பு எல்லாவற்றையும் கடிதத்தில் கொட்டுவதுதான் நாம் செய்யும் தப்பு. எது அந்த டாக்டருக்குத் தேவை என்று பொறுக்கி எழுதப் பழகுங்கள்.

செலவைப் பாருங்கள். என்எம்சி மதிப்பீடு 140 பவுண்டு, சிபிடி 83, ஓஎஸ்சிஇ 794, பதிவு 153. மொத்தம் 1,170 பவுண்டு. அதில் பெரிய தொகையான ஓஎஸ்சிஇ கட்டணத்தைப் பெரும்பாலும் மருத்துவமனையே கட்டிவிடும். ஆங்கிலத் தேர்வையும் சேர்த்தாலும், உங்கள் ஏஜென்ட் கேட்கும் 9 லட்சத்தில் கால்வாசிகூட வராது. இங்கிலாந்து நர்ஸின் தொடக்கச் சம்பளம் பேண்ட் 5, 2025-26இல் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. வரி, வாடகை போக அது அவ்வளவு பெரிய தொகை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் லைசென்ஸ் தேர்வு எழுதலாம், ஆனால் இந்தியர்களுக்கான இபி-3 (வேலை வழி கிரீன் கார்டு) வரிசை பத்து வருடத்துக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. இருபத்தாறு வயதில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆஸ்திரேலியாவுக்கும் அதே என்கிளெக்ஸ், அப்புறம் அடிலெய்டில் செய்முறைத் தேர்வு; நல்ல சம்பளம், ஆரம்பச் செலவு அதிகம். வளைகுடாவில் சேர்த்துவிட்டு அங்கே போகிறவர்களைப் பார்க்கிறேன்.

நேர்காணல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். "உங்கள் நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத்திணறல். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், நம் பிள்ளைகள் பத்தில் ஏழு பேர் "டாக்டருக்குத் தகவல் சொல்வேன்" என்று தொடங்குகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது மூன்றாவது வாக்கியமாக வர வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்தீர்களா, மூச்சுப்பாதை பார்த்தீர்களா, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) எவ்வளவு, ஆக்சிஜன் வைத்தீர்களா? இதையெல்லாம் தினமும் கை செய்கிறது, வாய்க்கு வருவதில்லை. டியூட்டியில் ஒவ்வொரு அவசரத்துக்குப் பிறகும், நான் முதலில் என்ன செய்தேன், எதற்காகச் செய்தேன் என்று ஆங்கிலத்தில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். இன்னொரு கேள்வி, "மருந்து கொடுப்பதில் எப்போதாவது தவறு செய்திருக்கிறீர்களா?" "இல்லவே இல்லை" என்று சொல்பவரை நாங்கள் நம்புவதில்லை. தவறியதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், நோயாளியிடம் சொன்னீர்களா, யாருக்கு எழுதித் தெரிவித்தீர்கள் என்பதைத்தான் கேட்க விரும்புகிறோம். நம் மருத்துவமனைகளில் தவறைச் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள், அதனால் மறைக்கப் பழகியிருக்கிறோம்.

இனி உங்கள் ஏஜென்ட். ஒருவேளை அவர் வேறு வேலையைக் காட்டித் திரும்ப வரலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவருக்கு 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். விசா கன்சல்டன்சி, ஸ்டடி அப்ராட் என்று போர்டு வைத்திருப்பவருக்கு அந்த உரிமம் இருப்பதில்லை. உரிம எண்ணைக் கேட்டு இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள்; உயிரோடு இருக்கும் உரிமமா, ரத்தானதா என்பது அங்கே தெரியும். உரிமம் உள்ளவரும் உங்களிடம் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீதோடு. அதற்கு மேல் ரொக்கமாகக் கேட்பவரிடம் பேச என்ன இருக்கிறது? வேலை ஒப்பந்தத்தில் உங்கள் பதவிப் பெயர் "ரெஜிஸ்டர்ட் நர்ஸ்" என்று இருக்கிறதா, "கேர்கிவர்", "நர்ஸ் அசிஸ்டென்ட்" என்று இருக்கிறதா என்பதைப் பாருங்கள். விசாவிலும் அதே பெயர் இருக்க வேண்டும். "அங்கே போய் மாத்திக்கலாம்" என்றால் வேண்டாம்.

பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. நாளைக்கே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கி வந்துவிடுங்கள். பெயர் திருத்த வேண்டும், டிஎச்ஏ தேர்வுக்குப் பதிய வேண்டும், அசல் தேவைப்படுகிறது என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பாஸ்போர்ட் அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை. தரமாட்டேன் என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலும் எழுத வேண்டியிருக்காது, "ஸ்டேஷனுக்குப் போறோம்" என்ற சொல்லிலேயே மேசை இழுப்பறை திறந்துவிடும். வாங்கி வந்ததும் எச்ஆரைப் பார்க்கப் போங்கள்.